பழைய தேக்குக் கதவில் கிரைண்டர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீட்டு மரவேலைகளைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் எல்லோரும் படித்தோம். செட்டிநாட்டுக் கதவுகளைப் பற்றி அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் கையில் பிடித்து ஓட்டும் மின்சாரக் கிரைண்டரில் எமரி டிஸ்க் (சொரசொரப்பான தேய்ப்பு வட்டு) மாட்டித் தேய்த்து, மேலே பி.யு. கோட்டிங் (பாலியூரித்தேன் என்ற, படலமாகக் காயும் பூச்சு) அடித்தால் கதவு புதிது போல ஆகிவிடும் என்ற யோசனையைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. அதை நம்பி நாலு வீட்டில் கிரைண்டரைத் தூக்கினால், போன மரம் போனதுதான்.

தேக்கில் ஒவ்வொரு வளையத்திலும் மெத்தென்ற பகுதியும் கெட்டியான பகுதியும் அடுத்தடுத்து வரும். வெயிலிலும் மழையிலும் நின்ற கதவில் மெத்தென்ற பகுதி தேய்ந்து, கெட்டியான ரேகை மேலெழும்பி நிற்கும். சாரல் அடிக்கும் கீழ்ப்பலகையைத் தடவிப் பாருங்கள், விரலுக்கே தெரியும். இந்தத் தோற்றம் வேண்டும் என்றுதான் இன்று புதுப்பலகையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டெக்ஸ்சர் என்று தனிக்கூலி வாங்குகிறோம். காலமே போட்டுக் கொடுத்த ரேகையை ஏன் வழித்து எறிய வேண்டும்? (கம்பி பிரஷ் போடுபவர்கள் பித்தளை பிரஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள். இரும்புத் துகள் மரத்தில் தங்கி ஈரம் பட்டால் கருப்பாகக் கறை பிடிக்கும்.)

கிரைண்டர் வட்டமாகச் சுற்றுவதால் ரேகைக்குக் குறுக்கே கீறல் விழும். வெறும் மரத்தில் அது கண்ணில் படாது. சாயம் ஏற்றியதும் கீறலுக்குள் சாயம் இறங்கி, பலகை முழுக்க அரைவட்டம் அரைவட்டமாகத் தெரியும். நிலைக்கு மேலே கஜலட்சுமியோ பூவேலையோ இருந்தால் அதன் ஓரமெல்லாம் மழுங்கிவிடும். இழைத்த பலகையில் உளி பட்ட முனை அப்படியே நிற்பதுதான் அந்த ஆசாரியின் கையெழுத்து. உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, ரேகைப் போக்கிலேயே 120, 180, 220 நம்பர் தாள் என்று (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்) படிப்படியாகத் தேய்த்தால் போதும். செதுக்கு வேலையில் நுனி விரலால் தாளை மடித்துத்தான் தேய்க்க வேண்டும். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். வேறு வழியில்லை.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று இன்னும் முக்கியமானது. வீட்டு பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள் எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடியே தேய்த்தால் வீடெல்லாம் ஈயத்தூசிதான். குழந்தைகள் உள்ள வீட்டில் அது விஷம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் சுரண்டி, கழிவைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். காஸ்டிக் சோடா ஊற்றுவதும் வேண்டாம். மரம் கறுத்துவிடும். சரியாகக் கழுவாவிட்டால் உள்ளே தங்கும் காரம் அடுத்த பாலிஷையும் உரித்துவிடும்.

பி.யு. கெட்ட பொருள் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கு நல்லது. ஆனால் வெயில் படும் வாசல் கதவில், நிறமில்லாத படலத்தை ஊடுருவும் வெயில் அடியில் உள்ள மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கும். பிடிமானம் போய்ப் படலம் செதில் செதிலாக எழும். பிறகு மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். வெளிக்கதவுக்கு டபுள் பாயில்ட் லின்சீட் ஆயிலில் (சீக்கிரம் உலரும்படி பக்குவம் செய்த ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைன் கலந்து மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். ஆண்டுக்கொரு முறை தூசி தட்டி இன்னொரு கை தேய்த்தால் போதும், உரிக்கிற வேலையே இல்லை. உள்ளே இருக்கும் தூணுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப்பொதியால் ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஏற்றிச் சரிசெய்ய முடிகிற பூச்சு அது.

லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். குவியலுக்குள் சூடு ஏறித் தானே தீப்பிடிக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1991-ல் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படி லின்சீட் துணியிலிருந்து பிடித்த தீயில் எரிந்து, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியைத் தண்ணீரில் முக்குங்கள், இல்லையென்றால் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

ஈயத்தூசி, எண்ணெய்த்துணி பற்றிய இந்த இரண்டு எச்சரிக்கைகளையாவது அடுத்த இதழில் கட்டம் கட்டி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி,
காரைக்குடி.