மீதிக் காலத்துக்கு எங்களிடம் ஓட்டுக் கேட்கும் நிலை வேண்டாம்: கொங்கு நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், கரூர், சேலம் தொகுதிகளிலிருந்து 2024-ல் மக்களவைக்குப் போன உறுப்பினர்களுக்கு வணக்கமுங்க.

சென்னிமலையில் போர்வை, துண்டு வியாபாரம் செய்கிறவன் நான். 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமான 129-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதா என்றால் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எட்டுப் பேரும் அதை எதிர்க்கிற அணியில்தான் இருக்கிறீர்கள். மாநில உரிமை போய்விடும் என்று மேடையில் சொல்கிறீர்கள், அது சரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு விதி வாக்காளனின் கையிலேயே கை வைக்கிறது. அதைப் பற்றிய பேச்சு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேரவே இல்லை.

இன்றைக்கு என்ன நடைமுறை? அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் மக்களவையை இடையிலேயே கலைத்தால், அடுத்த தேர்தலில் நாங்கள் தேர்ந்தெடுக்கும் அவைக்கு முழுதாக ஐந்து ஆண்டு ஆயுள். மசோதா சட்டமானால் அப்படி இல்லை. கலைந்துபோன அவைக்கு எவ்வளவு காலம் மிச்சமிருந்ததோ, புது அவைக்கும் அவ்வளவுதான். சட்டமன்றங்களுக்கும் இதே விதி.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஊர்க்காரர்கள் பார்த்த தேர்தல்களே போதும். 1996-ல் மக்களவைத் தேர்தல் நடந்தது. குஜ்ரால் அரசு கவிழ்ந்ததும் 1997 டிசம்பர் 4 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் அவையைக் கலைத்தார். 1998 தொடக்கத்தில் மறுபடியும் தேர்தல். அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான் பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் போயின. அந்தத் துக்கத்தோடுதான் கோவை மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த அவை பதின்மூன்று மாதம்தான் இருந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் தோற்றது. ஏப்ரல் 26 அன்று அவை மறுபடி கலைந்தது. அந்த இலையுதிர் காலத் தேர்தலில் கோவை பழைய உறுப்பினர் சி.பி.ராதாகிருஷ்ணனையே திருப்பி அனுப்பியது. திருச்செங்கோடு மாறிப் போட்டது: 1998-ல் ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் எடப்பாடி பழனிசாமி, 1999-ல் ஜெயித்தவர் ம.தி.மு.க.வின் மு.கண்ணப்பன். நடந்ததையெல்லாம் பார்த்து, யோசித்து, மக்கள் புதிதாகச் சொன்ன முடிவு அது.

இந்த மசோதா அப்போதே சட்டமாக இருந்திருந்தால், 1999-ல் போட்ட ஓட்டுக்கு ஆயுள், 1996 அவையின் ஐந்து ஆண்டு முடியும் 2001 வரைதான். மூன்றே வருடத்தில் மூன்று தேர்தல் பார்த்த மக்களை 2001-ல் நான்காவது முறையாகக் கூப்பிட்டிருப்பார்கள். உண்மையில் அடுத்த தேர்தல் 2004-ல்தான் வந்தது. தேர்தல்களைக் குறைக்கத்தான் சட்டம் என்கிறார்களே, நிலையில்லாத காலத்தில் இது தேர்தலைக் கூட்டத்தான் செய்யும்.

1980 இன்னும் நல்ல சாட்சி. அந்த ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று சிவகாசி, இன்னொன்று நம் கோபிசெட்டிபாளையம். மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லி, பிப்ரவரி 17 அன்று குடியரசுத் தலைவர் ஆணையால் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடம் கொடுத்தார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று ஐந்து மாதத்துக்குள் பிரித்துப் பார்த்துப் போட்ட ஓட்டு அது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கலைக்கப்பட்ட அந்தச் சட்டமன்றம் 1977 ஜூனில் தேர்ந்தெடுக்கப்பட்டது. மீதிக் கால விதி அன்று இருந்திருந்தால், 1980-ல் வந்த அரசுக்குக் கெடு 1982-ன் நடுவோடு முடிந்திருக்கும். சத்துணவுத் திட்டம் தொடங்கியது 1982 ஜூலை 1. ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய நேரத்தில் எந்த அரசு அவ்வளவு பெரிய திட்டத்தில் கை வைக்கும்? அன்று தட்டேந்தி உட்கார்ந்த பிள்ளைகள் இன்று எங்கள் தறிக்கூடங்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களை நினைத்தால் இந்த விதி எனக்கு வெறும் சட்ட நுணுக்கமாகத் தெரியவில்லை.

குத்தகைக்குப் பூமி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்னவர் விட்டுப்போன ஒன்றரை வருடத்துக்குத்தான் குத்தகை என்றால் யாரும் எரு அடிக்க மாட்டார்கள், கிணறு தூர் வார மாட்டார்கள். இருக்கிற வெள்ளாமையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக நாம் எத்தனை காலம் போராடினோம்! காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து 1,045 குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் ஏற்றும் அந்த வேலைக்கு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. 2019-ல் தொடங்கி, நடுவில் ஆட்சியும் மாறி, 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. பதினெட்டு மாத அரசு இப்படி ஒரு கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது.

மீதிக் காலத்துக்கு நடக்கும் தேர்தல் எப்படியிருக்கும் என்று ஈரோடு கிழக்குக்குத் தெரியும். 2023 பிப்ரவரி 27, 2025 பிப்ரவரி 5 என இரண்டு வருடத்துக்குள் அங்கே இரண்டு இடைத்தேர்தல். இரண்டுமே உறுப்பினர் மறைவால் வந்தவை, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் முதலாவதில் வாக்காளர்களைக் கொட்டகைகளில் கூட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் புகார் சொல்லின. இரண்டாவதில் பிரதான எதிர்க்கட்சியான அ.தி.மு.க.வே போட்டியிடவில்லை, பா.ஜ.க.வும் ஒதுங்கிக்கொண்டது. பதினைந்து மாதப் பதவிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கட்சிகளுக்கே தோன்றிவிட்டால், ஓட்டுக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? நாடு முழுவதற்குமான ஒரு பொதுத் தேர்தலை இந்த நிலைக்கு இறக்கிவிடாதீர்கள்.

எங்கள் கடைவீதியில் இந்த மசோதாவை ஆதரிக்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கையில் கொண்டுபோக முடியாது. பறக்கும் படைக்குப் பயந்து கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு வருவது குறைந்துவிடும். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு சோடி மாடு விற்றுவிட்டுப் போகும் விவசாயி எந்தப் பில்லைக் காட்டுவார்? பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க அவர் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். இந்தக் கஷ்டம் போகும் என்று நம்பித்தான் ஒரே தேர்தல் நல்லது என்கிறார்கள். ஆனால் இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ரொக்க வரம்பை உயர்த்துங்கள், சந்தையில் தரும் சீட்டையே ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தேர்தல் ஆணையத்திடம் நீங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து போய்க் கேட்டாலே போதும். இதைச் செய்யாமல் மசோதாவை எதிர்த்து மட்டும் பேசினால் வியாபாரிகள் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள்.

அரசுகள் அடிக்கடி கவிழ்வதற்கு வேறு வழி இருக்கிறது. ஜெர்மனியில் நாடாளுமன்றம் பிரதமரை நீக்க வேண்டுமானால், அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1999 ஏப்ரலில் நம்மிடம் அப்படி ஒரு விதி இருந்திருந்தால், மாற்று ஆளைக் காட்டாமல் அரசைக் கவிழ்த்திருக்க முடியாது. அதையும் மீறி அங்கே 2024 டிசம்பரில் அன்றைய பிரதமர் ஷோல்ஸ் தானே கொண்டுவந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று, ஜனாதிபதி ஸ்டைன்மையர் அவையைக் கலைத்தார். 2025 பிப்ரவரி 23 அன்று தேர்ந்தெடுத்த புது அவைக்கு முழுதாக நான்காண்டு கொடுத்தார்கள். பிரான்சில் மக்ரோன் 2024 ஜூன் 9 அன்று கலைத்த அவைக்குப் பதிலாக வந்த அவைக்கும், இலங்கையில் அனுர குமார திசாநாயக்க அதே ஆண்டு செப்டம்பரில் கலைத்தபின் நவம்பர் 14 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்கும் ஐந்தாண்டுக் காலம் உண்டு. மீதிக் கால முறை ஸ்வீடனில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அங்கே 1958-க்குப் பிறகு ஒரு இடைக்காலத் தேர்தல்கூட வந்ததில்லை. நம் நிலைமை வேறு.

கடைசியாக, வாக்கெடுப்பு நாளைப் பற்றி. அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற, அவைக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 543 பேரும் இருந்தால் 362 ஓட்டுத் தேவை. நூறு பேர் கோபத்தில் எழுந்து வெளியே போனால் 296 போதும். வெளிநடப்புப் படம் மறுநாள் பேப்பரில் வரும், மசோதாவும் நிறைவேறிவிடும். அதனால் அன்றைக்கு எவ்வளவு அவமதிப்பு நடந்தாலும் இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள். எதிர்ப்புப் பொத்தானை அழுத்திய பிறகு வெளியே வாருங்கள்.

மீதிக் கால விதியை நீக்க வேண்டும் என்று தனியாக ஒரு திருத்தத்தை எழுத்தில் கொடுங்கள். உங்களில் சேலம் உறுப்பினருக்கு, இந்த மசோதாவுக்கான கூட்டுக் குழுவில் இடம் கிடைத்தது. இந்த விதியைப் பற்றி அங்கே என்ன பேசினார் என்று அவர் தொகுதி மக்களிடம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, திருத்தம் கொடுத்தீர்களா, இல்லையா என்று தெரிவியுங்கள். சென்னிமலைக்கு வந்தால் நாங்களே நேரில் கேட்போம்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்து வாக்காளன் ஒருவன்