நான்கு முறை சர்வீஸுக்கு வந்தும் வண்டிக்கு அடியில் ஒருவரும் படுத்துப் பார்க்கவில்லை

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: முன்சக்கரங்கள் பயங்கரமாக ஆடிய பழுதைக் கண்டுபிடிக்காமல் தேவையில்லாத பாகங்களை மாற்றியது, அடிக்காத கிரீஸுக்குப் பணம் வாங்கியது, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா,

2022 பிப்ரவரியில் உங்கள் பிக்கப் வண்டியைக் கடன் போட்டு வாங்கினேன். ஓட்டுநரும் நானே, முதலாளியும் நானே. ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் இரவு காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு விடிவதற்குள் இறக்குவதுதான் என் தொழில். வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். வாரண்டி போய்விடக் கூடாது என்பதால் ஒரு சர்வீஸைக்கூட நான் வெளியில் செய்ததில்லை. எல்லாமே உங்கள் அங்கீகார சர்வீஸ் சென்டரில்தான் நடந்தது. பில்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. நகல்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

2024 ஆகஸ்டில் ஓர் இரவு, மணி இரண்டரை இருக்கும். தக்காளிப் பெட்டிகள் ஏற்றியிருந்தேன். மடத்துக்குளம் அமராவதிப் பாலத்தில் ஏறினேன், வேகம் அறுபத்தைந்து. பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் டக்கென்று இறங்கி ஏறியது. அடுத்த நொடியே ஸ்டீரிங் என் கையை உதறிவிட்டு இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்தது. மறுபடி பிடிக்கப் போனபோது ஸ்டீரிங்கின் கம்பி கட்டைவிரலில் அடித்தது. நகம் கறுத்துப்போய், புது நகம் முளைக்க நெடுநாள் ஆயிற்று. டேஷ்போர்டில் இருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் மைத்துனன் அலறி எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டான். இடதுபக்கம் பாலத்துச் சுவர், பின்னால் லாரியின் ஹெட்லைட். சடாரென்று பிரேக் போட்டால் லாரி இடித்துவிடும் என்று ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன். வேகம் முப்பதுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஆட்டம் நின்றது. அதன்பின் ஒன்றுமே நடக்காதது போல வண்டி நேராகப் போனது.

சக்கர பேலன்ஸ் போன வண்டி எப்படி அதிரும் என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் ஸ்டீரிங் பிடித்தவன் நான். பேலன்ஸ் கோளாறு என்றால் சாலை வழவழப்பாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கை நடுங்கும், வேகம் மாறினால் அடங்கும். பிரேக் டிஸ்க் கோளாறு என்றால் பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிரும். இது இரண்டுமே இல்லை. நல்ல சாலையில் எண்பதில் போனாலும் வராது. ஏதாவது ஒரு பள்ளத்தில், பாலத்து இணைப்பில், ஒற்றைச் சக்கரம் அடிவாங்கினால் கிளம்பும். கிளம்பிவிட்டால் வேகத்தைக் குறைக்காமல் நிற்காது. மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போய் இதை இப்படியே சொன்னேன். புகாரைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் எழுதியது ஒரே வரி: "ஸ்டீரிங் வைப்ரேஷன்."

அன்று பேலன்சிங்கும் கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணச் சோதனை) பார்த்தார்கள், 1,450 ரூபாய். நான்காவது நாள் உடுமலை தாண்டி மறுபடி ஆடியது. திரும்பப் போனேன். முன்டயர்களின் உள்ஓரம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பதைக் காட்டி, "டயர்தான் காரணம், மாற்றியே ஆக வேண்டும்" என்றார்கள். இரண்டு புது டயர் 15,600 ரூபாய், அதற்கு மறுபடி அலைன்மென்ட் 1,450 ரூபாய். டயர் தேய்ந்ததால் ஆட்டம் வரவில்லை, ஆட்டம் இருந்ததால்தான் டயர் அப்படித் தேய்ந்தது என்பது பின்னால் எனக்குப் புரிந்தது. இது உங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது முறை, ஸ்டீரிங்கின் உதறலை அடக்கும் டேம்பரை மாற்றினார்கள், 3,400 ரூபாய். பதினோரு நாள் ஆட்டமே இல்லை. தொல்லை ஒழிந்தது என்று நம்பி, மைத்துனனைப் பயப்படாமல் தூங்கச் சொன்னேன். அந்தப் பதினோரு நாளை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை. டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், அதன் காரணத்தைத் தீர்க்காது. உள்ளே தேய்மானம் கூடிக்கொண்டே இருந்தது, எனக்கு மட்டும் தெரியாமல் போனது. பன்னிரண்டாம் நாள் புது டேம்பரையும் மீறி, முன்பைவிட மோசமாக ஆடியது. இந்த முறை பட்டப்பகல், பழனிக்கு வெளியே. எதிரே பள்ளிக்கூட வேன் வந்துகொண்டிருந்தது. நான் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினேன்.

நான்காவது முறை போனபோது பேச்சே மாறிவிட்டது. "ஓவர்லோடு அடிக்கிறீர்கள், அதனால்தான்" என்றார் மேற்பார்வையாளர். பழனியில் ஆடிய அன்று ஏற்றியிருந்த சரக்கு 1,180 கிலோ. எடைமேடைச் சீட்டைக் காட்டினேன். வண்டியின் அனுமதிக்கப்பட்ட பாரம் 1,250 கிலோ. அவர் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. ஸ்டீரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் ஸ்டீரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். எழுதும்வரை வண்டி வாசலில்தான் நின்றது. ஜாக்கி வைக்கவில்லை, சக்கரத்தைத் தூக்கவில்லை, கீழே ஒருவரும் படுக்கவில்லை. நான்கு முறையும் நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்; பழுதைத் தேட ஒருமுறைகூட ஒருவரும் கீழே படுக்கவில்லை.

38,000 ரூபாய்க்கு வழியில்லாமல்தான், வாரண்டி போனாலும் போகட்டும் என்று ஊரில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போனேன். அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் சர்வீஸ் சென்டரில் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது இதுதான்.

அந்த அண்ணன் முதலில் வண்டியைத் தூக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, ஸ்டீரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் வலம் திருப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார். தான் டார்ச் லைட்டோடு கீழே படுத்துக்கொண்டார். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பியான டிராக் லிங்க், அங்கிருந்து இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு என்று ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு போய்விட்டது என்று அர்த்தம். "பாக்ஸ் நல்லா இருக்கு தம்பி, அதைக் கழட்டவே வேண்டாம். இடதுபக்க டை ராடு எண்டுல கொஞ்சம் லூசா இருக்கு. ஆனா இவ்வளவு ஆட்டத்துக்கு அது மட்டும் பத்தாது" என்றார்.

பிறகு முன் ஆக்சிலுக்கு ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கினார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளேயும் வெளியேயும் அசைத்தார். டக், டக் என்று சத்தம். டயர் விளிம்பில் ஒரு விரல் தடிமனுக்கு ஆட்டம். "உள்ளே ஏறி பிரேக்கை அழுத்திப் பிடி" என்றார். பிடித்தேன். மறுபடி அசைத்தார், அதே சத்தம். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியான கிங் பின் என்று சொல்லிவிட்டு என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். ஆக்சிலுக்கும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் நடுவே, மேல்பக்க மூட்டு திறந்து மூடுவது என் கண்ணுக்கே தெரிந்தது. இவ்வளவையும் பார்க்க அவருக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. அவரிடம் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை.

கிங் பின்னைக் கழற்றியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. பின்னைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ்களில், கீழ்ப்பக்க புஷ்ஷில் கிரீஸ் இருந்தது. மேல்பக்க புஷ் காய்ந்து, துருத்தூள் கொட்டியது. பின்னின் மேல்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்து, நகத்தால் தடவினால் படி தட்டியது. கிரீஸ் உள்ளே போகும் சிறு முனையான அந்த மேல்பக்கத்துக் கிரீஸ் நிப்பிளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் வாயில் மண் இறுகிக் கல்லாகிப் போயிருந்தது. ஊசியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. அது ஒரு மாதத்தில் இறுகிய மண் இல்லை. அந்த நிப்பிளை ஒரு சிறு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் காட்டுகிறேன்.

என் கடைசி நான்கு வழக்கமான சர்வீஸ் பில்களிலும் "கிரீஸிங், 380 ரூபாய்" என்று இருக்கிறது. கிரீஸ் கன்னை நிப்பிளில் ஒருமுறை வைத்து எடுத்தால் கிரீஸ் அடித்ததாக ஆகாது ஐயா. உள்ளே போனால் பழைய கிரீஸ் மூட்டின் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும். அது வந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த நிப்பிளுக்குப் போக வேண்டும். வரவில்லை என்றால் நிப்பிளை மாற்ற வேண்டும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. நான்கு சர்வீஸிலும் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

உங்கள் வண்டியின் முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் ஒரே உருக்கு ஆக்சிலும்தான். இரண்டு சக்கரங்களையும் டை ராடு இணைக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் அடிவாங்கித் திரும்பினால் டை ராடு மற்றதையும் திருப்பும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அந்த அசைவு அங்கேயே செத்துவிடும். கிங் பின்னிலும் டை ராடு எண்டிலும் இடைவெளி இருந்தால் சக்கரம் நேராக வரப் பார்த்து அடுத்த பக்கம் தாண்டிப் போகும், மறுபடி திரும்பி வரும். அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டியின் டயர் ஒரு நொடிக்கு எட்டுச் சுற்றுச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். இதையெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தர வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது சர்வீஸ் சென்டரின் வாசல்வரைகூட வந்து சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு பக்கமும் கிங் பின் செட் மாற்றி, லேத்தில் புஷ்களின் துளையை ரீமரால் அளவுக்குக் கடைந்து, இடது டை ராடு எண்டும் மாற்ற மொத்தம் 8,250 ரூபாய் ஆனது. 2024 டிசம்பர் முதல் வாரம் அது. அன்றிலிருந்து வாரம் ஐந்து நடை அதே பாலத்தில்தான் போய் வருகிறேன். ஒருமுறைகூட ஆடவில்லை.

மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது உங்கள் வாரண்டி. முதல் முறை நான் வந்தபோது வண்டி ஓடியிருந்தது 74,000 கிலோமீட்டர். இந்தச் செலவைக் கேட்டதற்கு, "கிங் பின் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது, வெளியில் வேறு கை வைத்துவிட்டீர்கள்" என்று சர்வீஸ் சென்டர் பதில் எழுதியது. தேய்மானப் பொருள்தான், மறுக்கவில்லை. அது தேயாமல் காக்கும் கிரீஸை அடிப்பதாகச் சொல்லி என்னிடம் நான்கு முறை பணம் வாங்கியது யார்? நான்கு முறை வந்தபோதும் உள்ளே கை வைக்காமல் விட்டது யார்? எந்த விதியைக் காட்டினாலும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

தவறான கணிப்பில் மாற்றிய டயர், டேம்பர், அலைன்மென்ட் செலவு 21,900 ரூபாய். பட்டறையில் நான் கொடுத்தது 8,250. நடக்காத கிரீஸிங்குக்கு 1,520. ஆக 31,670 ரூபாயை நிறுவனம் எனக்குத் திருப்பித் தர வேண்டும். டயர் புதிதாக என்னிடம்தானே இருக்கிறது என்று கழிக்கப் பார்ப்பீர்கள். பழைய டயர் அந்த நிலைக்குத் தேய்ந்ததே இந்தப் பழுதால்தான் என்பதால் அதை நான் ஏற்கவில்லை. வண்டி நின்ற ஒன்பது நாள் வாடகை இழப்பை இப்போதைக்கு நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது இன்னொன்று. அதே சர்வீஸ் சென்டருக்கு எங்கள் மார்க்கெட்டிலிருந்து என்னைப் போல எத்தனையோ பேர் வண்டி விடுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்கள் வண்டியும் பாலத்தில் "உதறுகிறது" என்று என்னிடம் சொன்னார்கள். அந்த சென்டரில் சர்வீஸ் ஆன பிக்கப்களைக் கூப்பிட்டு, முன் ஆக்சிலைத் தூக்கி, கிங் பின்னையும் ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளையும் இலவசமாகச் சோதித்துத் தர வேண்டும். முன்சக்கரம் ஆடுகிறது என்று எந்த வாடிக்கையாளர் வந்தாலும், ஒரு பாகத்தை மாற்றுவதற்கு முன் மூட்டுகளின் ஆட்டத்தைப் பார்த்து ஜாப் கார்டில் எழுத வேண்டும் என்று எல்லா சென்டர்களுக்கும் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவின் நகல் எனக்கும் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வணிக வண்டி என்று அங்கே தட்டிக்கழிக்க முடியாது. சொந்தப் பிழைப்புக்காக சுயதொழிலுக்கு வாங்கியவனையும் அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. அப்போது ஒன்பது நாள் வாடகையையும் சேர்த்தே கேட்பேன்.

உங்கள் பொறியாளர் யாராவது வண்டியை நேரில் பார்க்க விரும்பினால் வரலாம். கழற்றிய கிங் பின், புஷ்கள், அந்த நிப்பிள், பழைய டயர் இரண்டு, எல்லாம் என் வீட்டுத் திண்ணையில் அப்படியே இருக்கின்றன. இரவு ஏழு மணிக்குமேல் நான் லோடுக்குப் போய்விடுவேன். அதற்கு முன் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் பிக்கப் வண்டியின் உரிமையாளர்,
ஒட்டன்சத்திரம்.
ஜனவரி 2025