என் மீட்டரிலிருந்து என் பார்க்கிங்குக்கு ஒரு கேபிள்

மதிப்பிற்குரிய தலைவர் சார், செயலாளர் மேடம், செயற்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவில், என் மின்சார காருக்கு பார்க்கிங்கிலேயே சார்ஜ் போட அனுமதி கேட்ட என் விண்ணப்பம் ஐந்தாவது முறையாகத் தள்ளிப்போனது. "கோடி ரூபாய் கார் வாங்கத் தெரிஞ்சவருக்கு வெளிய போய் சார்ஜ் போட்டுக்கத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தரைத்தளத்தில் இருக்கும் என் மீட்டரிலிருந்து, கீழ்த்தளத்தில் என் பத்திரத்தில் எழுதியிருக்கும் என் பார்க்கிங் வரை, என் செலவில் ஒரு கேபிள் இழுக்க ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம். மொத்தம் 38 மீட்டர். சங்கத்தின் மின்சாரம் வேண்டாம், சங்கத்தின் பணமும் வேண்டாம்.

வெளியே போய் சார்ஜ் போடுவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பதினோரு மாதமாக என் செவ்வாய்க்கிழமை இரவுகள் அதில்தான் போகின்றன. பகலில் போனால் வரிசை, அதனால் இரவு பதினொன்றுக்குக் கிளம்புவேன். வேளச்சேரிப் பக்கம் ஒரு சார்ஜிங் மையம். வண்டியில் செருகும் சார்ஜிங் கன் இரண்டு உண்டு, ஒன்று பல மாதமாக வேலை செய்வதில்லை. இன்னொன்று 30 கிலோவாட். என் காரின் பேட்டரி 93.4 கிலோவாட் மணி. நல்ல சார்ஜர் கிடைத்தால் 270 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும் வண்டி அது. இந்த 30-இல் பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆப்பில் பணம் கட்டி, ஓடிபி வராமல் மறுபடி கட்டி, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் என் மனைவி தூங்காமல் இருப்பாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு நல்ல மழை. நான் சார்ஜ் போட்டு அரை மணி ஆகியிருக்கும். மின்சார டாக்சி ஓட்டும் ஒரு தம்பி வந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" திரையில் ஒரு மணி நாற்பது நிமிடம் காட்டியது. அவருக்கு விடியற்காலை நாலரைக்கு ஏர்போர்ட் டிரிப். அவர் வண்டியில் ஆறு சதவீதம். என் வண்டி 31 சதவீதத்தில் இருக்கும்போதே கன்னைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் எனக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. அந்த கன் அவரைப் போன்றவர்களுக்கானது. அவர் குடியிருக்கும் தெருவில் வண்டி நிறுத்தவே இடமில்லையாம். எனக்குச் சொந்தமாக மீட்டர் இருக்கிறது, சொந்தமாக பார்க்கிங் இருக்கிறது. இருந்தும் அவர் பிழைப்புக்கு நடுவில் போய் நான் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு கடிதம் கிடைத்திருந்தால் அன்றைக்கு அவர் மழையில் நின்றிருக்க மாட்டார்.

கோடி ரூபாய் கார் என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை பஸ்ஸில் சோழவரத்துக்குக் கூட்டிப்போவார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அப்போது கார் பந்தயம் நடக்கும். வெயிலில் நின்று பார்த்துவிட்டு, எந்த வண்டி எந்த கியரில் திரும்பியது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனி ஓடுதளம் வந்த பிறகும் சோழவரம்தான் அவருக்குப் பெரிது. ஒரு நாள் நல்ல வண்டி ஒன்றை வாங்கி அவரை உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன். அவர் இல்லை. வண்டி மட்டும் வந்தது.

போர்ஷே டைகான். இந்தியாவில் 2021 நவம்பரில் அறிமுகமானபோது ஒன்றரைக் கோடியில் தொடங்கியது. நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட், அந்த விலையில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அதிலும் பெரும்பகுதி கடன். பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருந்ததால்தான் துணிந்தேன். முதல் நாள் விடியற்காலை ஈ.சி.ஆரில் ஓட்டினேன். மிதித்த மாத்திரத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் எஞ்சின் சத்தம் என்று ஒன்று இல்லை, கண்ணாடியை இறக்கினால் கடல் சத்தம் கேட்டது. அப்பா இருந்திருந்தால் பின் சக்கரத்துக்கு எதற்கு இரண்டு கியர் வைத்தார்கள் என்று கேட்டு என்னைத் துளைத்திருப்பார். இந்த வண்டியை நான் ஆசைப்பட்டு வாங்கினேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

தீ பற்றிய உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்ததை நானும் படித்தேன். அந்த வருடம் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதனால்தான் முறையான கேபிள், லோடு கூடினால் தானே அணையும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் அணையும் ஆர்.சி.சி.பி., தனி எர்த் என்று எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டு உங்களிடம் கொடுத்தேன். சார்ஜர் பெட்டி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கும். அந்த வரைபடத்தை யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? அதே கீழ்த்தளத்தின் மூலையில் நம் ஜெனரேட்டர் இருக்கிறது, முந்நூறு லிட்டர் டீசலோடு. அதைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்திலும் பேச்சு வந்ததில்லை.

அனுமதிக்காவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைக்காதீர்கள். சி பிளாக் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியை, பால்கனியிலிருந்து சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிறார். மழையிலும் போடுகிறார். அவருக்கும் வேறு வழியில்லை. எனக்குப் பயமாக இருப்பது அந்த ஒயர்தான்.

சட்டமும் எனக்கு எதிராக இல்லை. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலிருந்தே வாகனத்துக்கு சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியிலேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. அதன் நகலையும் இணைத்திருந்தேன். லோடு கூட்டித் தர மின்வாரியத்திலும் தயார், சங்கத்தின் கடிதம்தான் வேண்டுமாம்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் கீழ்த்தளத்தில் மூன்றடி தண்ணீர் நின்றது, பெட்டி இருக்கப்போவது ஐந்தடி உயரத்தில். அன்று ஓடாத பம்ப் இன்னும் ஓடவில்லை. வருடாவருடம் மழை எச்சரிக்கை வந்ததும் நாம் வண்டியை நிறுத்த மேம்பாலத்தில் இடம் பிடிக்க ஓடுகிறோம், பராமரிப்புக் கட்டணம் மட்டும் இரண்டு முறை ஏறிவிட்டது. நுழைவுப் பாதையில் போட்ட வேகத்தடைகளும் அப்படித்தான். பத்து சென்டிமீட்டர் உயரம் என்றால் 3.7 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு. நம்முடையது ஓரடி அகலம்கூட இல்லை. என் வண்டி அடிபடுவது இருக்கட்டும், ஏ பிளாக் தாத்தா டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு முறையும் வலியில் கத்துகிறார். யாரிடம் சொல்வது?

மன்னியுங்கள். பேச வந்தது கேபிளைப் பற்றி.

தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 7.4 கிலோவாட் பெட்டி ஒன்று இருந்தால் இரவில் இரண்டு மணி நேரம் போதும், காலையில் வண்டி தயார். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மின் ஒப்பந்தக்காரரைக் கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தலைவர் சார், நீங்கள் வாருங்கள். செயலாளர் மேடம், நீங்களும் வாருங்கள். கேபிள் எந்தச் சுவர் ஓரமாக வருகிறது, ஸ்விட்ச் எங்கே இருக்கும் என்று அவர் காட்டுவார். என்ன சந்தேகம் இருந்தாலும் அவரிடமே கேளுங்கள், எந்த மாற்றம் சொன்னாலும் செய்கிறேன். சி பிளாக் ஆசிரியையையும் அழைத்திருக்கிறேன், அவர் ஸ்கூட்டருக்கும் அன்றைக்கே ஒரு வழி பார்த்துவிடலாம். ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்து வருகிறேன். பார்த்துவிட்டுத் திருப்தி இருந்தால் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக், நான்காம் தளம்