வைக்கோல் டிராக்டர் ஓட்டி வந்த அண்ணனுக்கு

ஞாயிறு இரவு நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் எங்கள் கார் பஞ்சர். டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்த அண்ணே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

முதலில் நான்கு இண்டிகேட்டரையும் போடச் சொன்னீர்கள். மனைவியையும் குழந்தையையும் ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வைத்தீர்கள். நான் அவசரத்தில் ஜாக்கியை நேராக மண்ணில் வைத்திருந்தேன். "இது வண்டல் தம்பி, ஈரத்துல உள்ள வாங்கிடும்" என்று சொல்லி, டிராக்டரிலிருந்து பலகையை எடுத்து அடியில் கொடுத்தீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். தூக்கிய பிறகு தளர்த்தினால் வண்டி ஆடி ஜாக்கி சரியுமாம். மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக முடுக்கினீர்கள்.

ஸ்டெப்னியில் காற்று குறைவு. நான் மாதக்கணக்கில் பார்க்கவே இல்லை. "மெதுவா போ, முதல்ல காத்துப் பிடி" என்றீர்கள்.

பணம் நீட்டியபோது கையை விலக்கிவிட்டுக் கிளம்பினீர்கள். இப்போது டிக்கியில் ஒரு பலகை கிடக்கிறது, அண்ணே. மிக்க நன்றி.