அந்தச் சட்டியை முற்றத்திலிருந்து எடுத்துவிடு

அன்புத் தம்பிக்கு,

திருவிழாவுக்கு வந்த அன்று முற்றத்தில் நீ வலைக்குண்டு வார்க்கச் சட்டியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாய். ஆறிய குண்டுகளை எண்ணி டப்பாவில் போடும் வேலை பாப்பாவுக்கு. நாலு வயசு, எண்ணியதைவிட விரலைச் சப்பியதுதான் அதிகம். நான் கத்தினேன். "அம்மா பித்தளைப் பானைக்கு ஈயம் பூசித்தானே நம்மள வளர்த்தா?" என்று கேட்டாய்.

அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்: பானைக்குப் பூசுவது வெள்ளீயம், வலைக்குக் கட்டுவது காரீயம். பெயரில் மட்டும்தான் உறவு. காரீயம் நஞ்சு.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்ற நாட்டில், டக்கார் நகரை ஒட்டி தியாரோய்-சுர்-மெர் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கும் கொல்லர்கள் பழைய கார் பேட்டரியை உடைத்து வலைக்குண்டு வார்த்து வந்தார்கள். ஈய விலை ஏறியதும் வியாபாரிகள் வந்தார்கள். பேட்டரி உடைத்த இடத்து மண்ணைப் பெண்கள் தோண்டி, வீட்டுக்கே கொண்டுவந்து, அதிலிருக்கும் ஈயத்தை விற்கச் சலித்தார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். பிறகு அங்கே 81 பேரைச் சோதித்ததில், மிகக் குறைவாக இருந்தவருக்கே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 39.8 மைக்ரோகிராம் காரீயம். 5 தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நீ பேட்டரி உடைப்பதில்லை, நம் முற்றத்தில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்வது வெளியே தெரியாது. சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து உடம்பு அதை எலும்பில் சேர்த்துவைக்கும். நம் வயிறு எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு சின்னப் பிள்ளை வயிறு எடுத்துக்கொள்ளும். நாளைக்கு 'பாடம் ஏறலை' என்று டீச்சர் சொன்னால் யாருக்கு இந்தச் சட்டி ஞாபகம் வரும்?

தொழிலை விடச் சொல்லவில்லை. குண்டில்லாமல் வலை எப்படி இறங்கும்? வார்த்த குண்டாகக் கடையில் வாங்கு, பாதிக் காசு நான் தருகிறேன். டப்பா பாப்பா கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அடுப்படி மண்ணைச் சும்மா பெருக்காதே, தூசி வீட்டுக்குள் போகும்; தண்ணீர் தெளித்து அள்ளு. பாப்பாவுக்கு ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். உன் வீட்டுக்காரி வேறு மாசமாக இருக்கிறாள். அவள் ரத்தத்தில் இருப்பது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சட்டியை நானே எடுத்துப்போகிறேன். ஒருநாள் அதில் மீன் வறுத்ததாகப் பாப்பா சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமா? நேரில் சொல்.

அக்கா