தம்பிக்கு ஒத்துவந்த கூட்டம்

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் அண்ணி கட்டித் தந்த வேப்பம்பூ வடகமும் சின்னமாமியின் மகனிடமிருந்து வந்து சேர்ந்தன. நாங்கள் நல்ல சுகம். தம்பி ஏன் போன் எடுப்பதில்லை, திரும்பவும் குடிக்கிறானோ என்று கேட்டிருந்தீர்கள். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அவன் குடிக்கவில்லை அண்ணா. மார்கழியிலிருந்து ஒரு சொட்டும் இல்லை.

வைத்தியரிடம் சொல்லித்தான் நிறுத்தினான். கனகாலம் குடித்தவர் திடீரென்று விட்டால் கை நடுக்கத்தோடு நிற்காதாம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மருந்து தந்து, முதல் நாட்களில் தனியே விட வேண்டாம் என்றார். ஆனால் கஷ்டம் பேந்துதான். 2024 புரட்டாதியிலிருந்து இங்கே சந்திக் கடைகளிலும் பியர் விற்கலாம். ஊரில் தவறணைக்குப் போகிறவனை நாலு பேர் காண்பார்கள், ஒருவராவது அம்மாவிடம் வந்து சொல்லுவார்கள். இங்கே பால் வாங்கப் போனாலே போத்தல் முன்னால் நிற்கும், கேட்க ஆளில்லை.

பக்கத்து வீட்டுப் போர்த்துக்கல் கிழவரைப் பற்றி முன்பு எழுதினேனே, ஸ்னோ கொட்டும்போது வெறும் சேர்ட்டோடு நின்று எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுகிறவர். அவர்தான் குடியை விட முயல்கிறவர்கள் கூடிக் கதைக்கும் ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் குடித்து அழிந்தவராம். 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும், இரண்டு பேரும் குடிகாரர்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தொடங்கியதாம் அது. சதமும் கேட்பதில்லை அண்ணா, அதைத்தான் நான் முதலில் விசாரித்தேன். கூடை ஒன்று சுற்றி வரும், விரும்பினால் போடலாம்.

எல்லாக் கூட்டமும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லை. பெரிய மண்டபத்தில் ஒருவர் மேடையேறித் தன் கதையைச் சொல்லும் கூட்டத்தில் தம்பிக்கு அந்த வேக ஆங்கிலம் பிடிபடவில்லை, பின்வரிசையில் சப்பாத்தைப் பார்த்தபடியே இருந்தான். இன்னொன்றில் ஏ.ஏ.யின் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பந்தியாக உரத்து வாசிக்க வேண்டும். தன் முறை வரமுன் எழும்பிவிட்டான். குடியை விட விரும்புகிறவர்களை மட்டும் எடுக்கும் கூட்டமும் உண்டு, அங்கே என்னை உள்ளே விடவில்லை, வெளியே பஸ் தரிப்பில் நின்றேன். ஸ்மார்ட் ரிக்கவரி என்று 1994இல் தொடங்கிய வேறொரு அமைப்பு, கடவுள் கதையே இல்லை, தாளில் எழுதிப் பயிற்சி செய்வது. பலருக்கு அதுதான் பொருந்துகிறது. இவனுக்குப் பொருந்தவில்லை.

கடைசியில் கிடைத்தது ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், காலை 7 மணிக்கு. இரவு வேலை முடிந்து நேரே போய்விடலாம். பத்துப் பன்னிரண்டு பேர்தான். கதைக்க மனமில்லாவிட்டால் ‘இண்டைக்குக் கேட்கிறேன்’ என்று சொன்னால் போதும், ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். வேதத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று அண்ணி பயப்படுவா. தேவாலயம் அறையை வாடகைக்குத்தான் விடுகிறது. உன்னைவிடப் பெரிய சக்தி ஒன்றை நீயே நினைத்துக்கொள் என்கிறார்கள், தம்பிக்கு அது நல்லூர்க் கந்தன். இப்போது கோப்பி போடும் பொறுப்பு அவனுடையது. அரை மணித்தியாலம் முந்திப்போய் அந்தப் பெரிய கோப்பிப் பானையை நிரப்பிவிட்டு, மடக்குக் கதிரைகளை வட்டமாக விரிப்பான். யாராவது பிந்தி வந்தால் இருக்க இடம் வேண்டுமென்று ஒரு கதிரை கூடவே போடுவான். குடிக்காமல் இருந்த மாதக் கணக்குக்குக் காசு மாதிரி ஒரு வில்லை தருவார்கள், பஸ் அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். அங்கே ஆரார் வருகிறார்கள் என்று என்னிடமும் சொல்லமாட்டான், அதுதான் அவர்களுடைய ஒழுங்கு.

குடிப்பவர்களின் வீட்டாருக்கென்று அல்-அனன் என்று ஒன்று இருக்கிறது, 1951இலிருந்து. நான் அங்கே போகிறேன். என் வீட்டுக்காரர் லொறியோடு வன்கூவருக்குப் போனால் கிழமைக் கணக்கில் வரமாட்டார், எனக்கும் நாலு முகம் பார்த்தமாதிரி. காரை விற்றுவிட்டோம், பஸ் வாசலிலேயே நிற்பதால் தேவைப்படவில்லை. நீங்கள் அதையெல்லாம் யோசிக்க வேண்டாம்.

நேற்று வடகம் பொரித்தேன். வளவு முழுக்க வேப்பம்பூ கொட்டிக் கிடக்க அம்மா சுளகோடு குனிந்து அள்ளுவாவே, அந்த மணம். அடுப்பை நிறுத்திவிட்டுக் கனநேரம் அதிலேயே நின்றேன். தம்பி வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான்.

சரி, சுபாவின் கல்யாணம். ஆவணியில் தம்பி வரத்தான் வேண்டும் என்கிறீர்கள். அவனுக்கும் ஆசை. அனுப்புகிறேன், ஆனால் பந்தலுக்குப் பின்னால் போத்தல் உடைக்கக் கூடாது. பெரியத்தானுக்கும் கூட்டாளிமாருக்கும் நீங்களே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘ஒண்டு எடுத்தால் என்னடா’ என்று ஒருவர் தோளில் கைபோட்டால் போதும், எல்லாம் போய்விடும். இவனுடைய ஏ.ஏ. ஆட்களின் சூம் கூட்டம் இங்கே இரவு 8 மணிக்கென்றால் அங்கே விடிய 5:30. அந்த நேரம் அவனுக்கு மேல்வீட்டு அறையும் இன்டர்நெட்டும் வேண்டும்.

காணி உறுதியில் அவன் கையெழுத்துக்காக அவசரப்படுத்த வேண்டாம். வர முடியாமல் போனால் இங்கே ரொறன்ரோவிலுள்ள எங்கள் இலங்கைத் துணைத்தூதரகத்தில், தனக்காக வேறொருவர் கையெழுத்திட அற்றோணித் தத்துவம் போட்டு அனுப்புவான். பிரசித்த நொத்தாரிசிடம் கேட்டு வரைவை அனுப்புங்கள், எல்லைகளும் பரப்பும் பழைய உறுதியில் உள்ளபடியே இருக்கட்டும். சுபாவின் கூறைக்கு என்ன நிறம் என்று அண்ணி உடனே சொல்லட்டும். சின்னமாமியின் கண் சத்திரசிகிச்சை எப்போது என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி