கலைமகளின் விரல்களுக்காக ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய சித்திர ஆசிரியர் ஐயாவுக்கும், மருதனார்மடத்தில் வீணை பயிலும் தங்கைக்கும், கஸ்தூரியார் வீதிப் படச்சட்டக்கடை அண்ணாவுக்கும், என் அம்மம்மாவுக்கும் வணக்கம்.

இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கும்பத்தின் பின்னால் வைத்த கலைமகள் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் உங்கள் பங்கை ஊரறியச் சொல்லாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

அம்மம்மா, ஓவியர் இரவிவர்மா 1896இல் தைலவண்ணத்தில் தீட்டிய சரஸ்வதியின் அச்சுப்படத்தை 1995 இடப்பெயர்வின்போது சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தவர் நீங்கள். பார்த்துத் தீட்டிப் பழகுவதற்காக அதைச் சாமியறையிலிருந்து கழற்றி, ஏழு மாதம் என் மேசையில் வைத்திருக்க விட்டீர்கள்.

ஐயா, கட்டம் போட்டுப் பிரதி செய்யவும், கபில நிறத்தால் முதலில் நிழலை மட்டும் இட்டு உருவத்தைத் திரட்டவும் நீங்கள் கற்பித்தீர்கள். என் முதல் கன்வஸில் முகமெங்கும் மயிரிழை வெடிப்புகள் விழுந்தபோது, எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல இறுகுகிறது, ஆகவே கீழ்ப்படையில் எண்ணெய் குறைந்தும் மேற்படையில் கூடியும் இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். புகையேறி மஞ்சளித்த அச்சுப்படத்தை அப்படியே பார்த்து நான் சேலைக்கும் மஞ்சளைக் குழைத்தபோது, "பிள்ளை, அவர் தீட்டினது வெள்ளைச் சேலை, நீர் தீட்டுறது புகையை" என்றீர்கள். மறுநாள் காலையில் வெள்ளை நூல்சேலை ஒன்றை வாசல் நிலையில் தொங்கவிட்டு, ஒரு மணிநேரம் தூரிகையைத் தொடாமல் பார்க்கச் சொன்னீர்கள். மடிப்பின் உட்புறம் நீலமாகவும், சிவப்புச் சீமெந்துத் தரையை அண்டிய ஓரம் இளஞ்சிவப்பாகவும் இருந்ததை அன்றுதான் கண்டேன். திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு சொல்லிக்கொடுக்க மறுத்த தைலவண்ண நுட்பத்தை, அவருடைய உதவியாளர் ஆறுமுகம்பிள்ளையே இளம் இரவிவர்மாவுக்கு மறைவாகக் காட்டிக்கொடுத்தார் என்பார்கள். நீங்கள் எதையும் மறைக்காமல், ஒரு சதமும் வாங்காமல் எனக்குக் கற்பித்தீர்கள்.

அச்சில் விரல்கள் மங்கிப்போயிருந்ததால், நான் அவற்றைப் புல்லாங்குழல் வாசிப்பவரின் விரல்கள்போல் விரித்துத் தீட்டியிருந்தேன். தங்கையே, நீங்கள் வீணையை ஓட்டோவில் ஏற்றிவந்து, யன்னலோரம் இரண்டு மணிநேரம் அமர்ந்து, இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து வீணைத் தண்டின் குறுக்கே பதித்த மெட்டுக்கு அருகே தந்தியை அழுத்துவதையும், வலக்கைச் சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொடுவதையும் காட்டினீர்கள். மூன்று முறை கத்தியால் சுரண்டித் தீட்டிய பிறகு, "அக்கா, இப்பதான் விரல் தந்தியில இருக்கு" என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டக்கடை அண்ணா, இரண்டு கன்வஸ்களையும் தொய்வில்லாமல் இழுத்து அடித்துத் தந்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தீர்கள். அந்தக் கடன் நிற்கிறது.

வண்ணம் உள்வரை இறுகுவதற்கு ஆறு மாதமாவது விடவேண்டும் என்று ஐயா சொல்லியிருப்பதால், பங்குனியில்தான் வார்னிஷ் பூசுவேன். அன்று நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வரவேண்டும். அம்மம்மாவின் அச்சுப்படத்தையும் புதுச் சட்டமிட்டு அன்றைக்கே சாமியறையில் அதன் பழைய ஆணியில் மாட்டுவோம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.